ஊரில் வழக்கு, நான் வெளிநாட்டில்: என் ஆஸ்பத்திரி ஃபைலைக் கேட்கிறார்கள்

காரைக்குடிப் பெண்:
இங்கே வந்து ஏழு வாரம்தான் ஆகிறது. நேற்று ஆத்தா போனில் அழுதார்கள். என் ஆஸ்பத்திரி ஃபைலை வரவழைக்கச் சொல்லிக் கோர்ட்டில் மனு போட்டிருக்கிறார்களாம். ஊர் முழுக்கத் தெரிந்துவிடுமே! தடுக்க வழி உண்டா?

டொராண்டோ தேவகோட்டையான்:
தங்கச்சி, முதலில் அங்கே ஒரு குடும்ப டாக்டரிடம் பதிவு செய்யுங்கள். நான் வந்த முதல் பனிக்காலத்தில் டாக்டர் கிடைக்காமல் பேஸ்மென்ட் அறையில் பதினோரு நாள் காய்ச்சலோடு கிடந்தேன். ஃபைல் நகல் கையில் இல்லாமல் விமானம் ஏறவே கூடாது.

நியூஜெர்சி ஆச்சி:
நோயாளி விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்லும் ஹிப்பா சட்டம் இருக்கிறதே, ஆஸ்பத்திரி யாருக்கும் தராது. பயப்படாதே அப்பா.

லண்டன்வாசி:
ஆச்சி, அது அமெரிக்கச் சட்டம். அங்கேயும் நீதிபதி உத்தரவு போட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். வழக்கு எங்கே நடக்கிறது, என்ன வழக்கு?

பள்ளத்தூர் மகள்:
எங்கே நடந்தால் என்ன, நம் ஊர் வாயை யார் மூடுவது? பிரசவத்துக்குப் பிறகு எனக்கு வந்த மன அழுத்தத்தைப் பற்றி ஒரு கல்யாணப் பந்தியில், முன்பின் தெரியாதவர் விசாரித்தார். நான்கு வருடம் ஊர்ப் பக்கமே போகவில்லை.

லண்டன்வாசி:
நம் பக்கத்தில் சர்க்கரை நோயைச் சொல்வார்கள், மனநோய் என்றால் வீட்டு வளவுக்குள்ளேயே புதைத்துவிடுவார்கள். அதுதான் வேதனை.

காரைக்குடிப் பெண்:
மன்னியுங்கள், பதற்றத்தில் விட்டுவிட்டேன். விவாகரத்து வழக்கு, என் கணவர் காரைக்குடியில் போட்டது. 2019-இல் மதுரையில் எட்டு மாதம் மன அழுத்தத்துக்குச் சிகிச்சை எடுத்தேன். இப்போது இங்கிலாந்தில், லீட்ஸில் இருக்கிறேன்.

ஓய்வுபெற்ற வக்கீல், கண்டனூர்:
அப்படியானால் நம் சட்டம்தான் பேசும், அம்மா. 1955 இந்துத் திருமணச் சட்டம் 22-ஆம் பிரிவுப்படி இந்த விசாரணை மூடிய அறையில்தான் நடக்க வேண்டும். அதைப் பத்திரிகையில் போடவும் கூடாது. 2017 மனநலச் சட்டம் 23-ஆம் பிரிவு உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. முன்பு சிகிச்சை எடுத்ததை மட்டும் வைத்து இன்றைக்கு மனநோய் என்று முடிவு கட்டக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் முழுக்கத் தடுத்துவிடலாம் என்று நம்ப வேண்டாம். சாரதா - தரம்பால் வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம், விவாகரத்து வழக்கில் மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவிடலாம் என்றது; மறுத்தால் அதையே உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம்.

அதனால் வக்கீலை எதிர்மனு போடச் சொல்லுங்கள். ஃபைல் வந்தால் சீல் வைத்த உறையில் நேராக நீதிபதியிடம் போக வேண்டும், வழக்குக்குத் தேவையான பக்கம் மட்டும் எடுக்க வேண்டும், நகல் வெளியே போகக் கூடாது என்று கேட்கட்டும். சிகிச்சையே எடுக்கவில்லை என்று மட்டும் சத்தியப் பிரமாணத்தில் எழுதிவிடாதீர்கள். சொந்தக்காரர்களுக்கு ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். பெரும்பாலும் கசிவது அங்கேதான். உங்கள் சார்பில் ஆத்தா கையெழுத்திட வேண்டுமென்றால் பவர் பத்திரத்தை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்புங்கள். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும்.

காரைக்குடிப் பெண்:
அடுத்த வாய்தா 14-ஆம் தேதி, ஐயா. வக்கீலுக்கு இப்போதே எழுதுகிறேன். ஆத்தாவிடம் இருக்கும் ஃபைல் நகலை யாரிடமும் காட்ட வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன்.