வார்ப்பிங்: கோட்டமா, இழுப்பா, நெளிவா?

தருமபுரியிலிருந்து, வெல்டர் பிரிவுப் பயிற்றுநர்:

அனைவருக்கும் வணக்கம். திங்கட்கிழமை பிள்ளைகளுக்கு மெல்லிய தகட்டில் பற்றவைப்பு நடத்துகிறேன். குறிப்பைத் தமிழில் தருவதாகச் சொல்லிவிட்டு ஒரு சொல்லில் நிற்கிறேன். சூட்டில் தகடு கோணிப்போவதை ‘வார்ப்பிங்’ என்றே சொல்லி வந்தோம். போன வாரம் ஒரு பையன் நோட்டில் ‘வார்ப்பு வராமல் தடுக்கும் முறைகள்’ என்று எழுதியிருந்தான். வார்ப்பு என்றால் உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றுவது. அவன்மேல் தப்பில்லை, நாம் சொல் கொடுக்கவில்லை.

நடப்பது இதுதான். பற்றவைக்கும் இடம் சூடேறி விரியப் பார்க்கும். சுற்றியுள்ள ஆறிய தகடு விடாது. விரிய இடமின்றி அந்த இடம் அமுங்கித் தடித்துவிடும். ஆறும்போது சுருங்கி, முன்பிருந்ததைவிடக் குறுகிப் பக்கத்துத் தகட்டை இழுக்கும். கனத்த தகடு தாங்கும், மெல்லியது அலையலையாக எழும்பிவிடும். இதற்கு ஞாயிறு இரவுக்குள் ஒரு சொல் வேண்டும்.

கிருஷ்ணகிரியிலிருந்து, தமிழாசிரியர்:

ஐயா, சொல் நம்மிடமே இருக்கிறது: கோட்டம். ஓடு ஓட்டமானதுபோல, ஆடு ஆட்டமானதுபோல, வளைதலைக் குறிக்கும் கோடு என்னும் வினை கோட்டமாகும். ‘ஒருபால் கோடாமை’, அதாவது ஒரு பக்கம் சாயாமை, என்ற வள்ளுவர் அடுத்த குறளிலேயே ‘சொற்கோட்டம்’, ‘உட்கோட்டம்’ என்கிறார். அதே குறளில் செப்பமும் வருகிறது. ஆக, கோணிய தகட்டைத் தட்டி நேராக்குவதற்குச் ‘செப்பமிடல்’ என்ற சொல்லும் கூடவே கிடைக்கிறது. உங்கள் தகடூர் அதியமானுக்காக ஔவை பாடிய புறநானூறு 95ஆம் பாட்டில் ‘கோடுநுதி சிதைந்து’ கொல்லன் கொட்டிலில் கிடக்கும் வேல்களும் வளைந்தவைதானே? எங்கள் மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பு பொது ஆண்டுக்கு முன் 2172 வரை போகிறது என்று 2022இல் அறிவித்தார்கள். இவ்வளவு காலம் இரும்போடு வாழ்ந்த மண்ணில் சொல்லுக்குப் பஞ்சமா?

ஓசூரிலிருந்து, பட்டறை நடத்துபவர்:

சார், கோட்டம் என்றால் எங்கள் பையன்களுக்கு மின்வாரியக் கோட்ட அலுவலகம்தான் நினைவுக்கு வரும். பட்டறையில் ‘தகடு இழுத்துடுச்சு’ என்பார்கள். ‘இழுப்பு’ என்று வையுங்கள், காரணமும் அதற்குள்ளேயே இருக்கிறது.

18 கேஜ் தகட்டில் நான் முதலில் செய்த பீரோக் கதவு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே மூச்சில் வெல்டிங் அடித்துவிட்டேன். ஆறியபின் நடுவில் கை வைத்து அமுக்கினால் ‘டப்’பென்று உள்ளே போகும், கையை எடுத்தால் ‘டப்’பென்று வெளியே வரும். இப்போது பையன்களிடம் முதலில் கிளாம்ப் போடச் சொல்கிறேன். அப்புறம் இரண்டு அங்குலத்துக்கு ஒரு டேக், அதாவது தகடு நகராமலிருக்க ஒரு பொட்டுப் பற்றவைப்பு. நடுவில் ஒரு அங்குலம், அடுத்து ஓரத்தில் ஒரு அங்குலம் என்று இடம் மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். தொட்டுப் பார்த்து, சூடு தணிந்தபின்தான் பக்கத்து இடம். பின்னால் செம்புப் பட்டை கொடுத்தால் சூட்டை அது வாங்கிக்கொள்ளும். எவர்சில்வர் என்றால் இரட்டிப்புக் கவனம். இரும்பைவிட அது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும், சூட்டைக் கடத்துவதோ மூன்றில் ஒரு பங்குதான். சூடு அங்கேயே தங்கி இழுத்துவிடும்.

பென்னாகரத்திலிருந்து, பாடநூல் மொழிபெயர்ப்பாளர்:

இரண்டுக்கும் என் மறுப்பு. புறப்பாட்டின் பழைய உரை அந்த இடத்தில் ‘கங்கும் நுனியும்’ என்கிறது. அங்கே கோடு பெயர்ச்சொல், வேலின் விளிம்பு. வளைதல் இல்லை. இழுப்பு என்றால் வீட்டில் மூச்சிழுப்பு, இயற்பியலில் இழுவிசை. உருத்திரிபு என்று வைக்கலாமென்றால் திரிபை (ஸ்ட்ரெய்ன்) ஏற்கெனவே தகைவோடு (ஸ்ட்ரெஸ்) சேர்த்து வேறு பொருளில் படிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லும் ‘நெளிவு’ போதும். குடம் நெளிந்தது என்று நம் அம்மாக்கள் சொல்லாத நாள் உண்டா?

கிருஷ்ணகிரியிலிருந்து, தமிழாசிரியர்:

உரை சொல்வது சரி, ஔவையை விட்டுவிடுகிறேன். வள்ளுவரை விட மாட்டேன். குடம் கீழே விழுந்தாலும் நெளியும், தகடு சூட்டில் கோணுவது வேறு. மின்வாரியம் எடுத்துக்கொண்டது என்பதற்காக ஒரு நல்ல சொல்லை நாம் கைவிட்டுக்கொண்டே போனால், பிள்ளைகள் அதன் முதற்பொருளை எங்கே கேட்பார்கள்?

தருமபுரியிலிருந்து, பயிற்றுநர்:

ஞாயிறு இரவு மணி பத்து. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் நெளிவுக்கு ஐந்து பேர், இழுப்புக்கு மூன்று, கோட்டத்துக்கு இரண்டு. குறிப்பில் இப்படி அடித்திருக்கிறேன்: ‘பற்றவைத்த இடம் ஆறும்போது தகட்டை இழுக்கும். இது இழுப்பு. அதனால் தகட்டில் எழும் அலை, நெளிவு.’ பையன்கள் நோட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து, தமிழாசிரியர்:

அச்சுக்குப் போகட்டும் ஐயா. ஒன்றுமட்டும் கேட்கிறேன். படுத்த தகட்டின்மேல் இன்னொரு தகட்டைச் செங்குத்தாக நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் பற்றவைத்தால், நின்ற தகடு அந்தப் பக்கமே சாய்ந்துகொள்கிறதே, அதில் அலை எங்கே இருக்கிறது? அது ஒருபால் கோடுவதுதானே?