திருகோணமலையில் இரண்டு நாள்: கோட்டையையும் கோவிலையும் எந்த ஒழுங்கில் பார்ப்பது?

கேள்வி (மட்டக்களப்பிலிருந்து):
ஓகஸ்ட் விடுமுறைக்கு அம்மாவையும் தரம் பத்தில் படிக்கும் மகளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். நிலாவெளியில் அறை எடுத்தாயிற்று. கடற்குளிப்போடு பயணம் முடிந்துவிடக் கூடாது என்பது மகளின் நிபந்தனை. அம்மாவுக்கோ அதிகம் நடக்க இயலாது. எங்கே தொடங்கலாம்?

மறுமொழி 1:
கோட்டை வாசலில் தொடங்குங்கள், ஏனெனில் கோணேசர் கோவிலுக்கான வழியே பிரட்றிக் கோட்டைக்குள்ளால்தான் போகிறது. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பதிகம் பாடிய தலத்தைப் போர்த்துக்கேயர் 1622 இல் இடித்து, அதன் கற்களையும் கொண்டு இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். வாசலில் இரட்டைக் கயலும், குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், குலைப்பான் என்னும் தமிழ்க் கல்வெட்டும் இன்றும் உள்ளன. பலர் கோட்டைக்குள் திரியும் மான்களைப் படமெடுக்கும் அவசரத்தில் அதைக் கவனியாமல் கடந்துவிடுகிறார்கள். வாகனம் உள்ளே கணிசமான தூரம் போகும் என்பதால் அம்மாவுக்குச் சிரமம் குறையும். ஆனால் நண்பகலில் வெறுங்காலுடன் நிற்க முடியாது, காலையிலேயே போய்விடுங்கள்.

மறுமொழி 2:
ஒரு சிறு திருத்தம்: இன்று காணும் மதில்கள் பெரும்பாலும் ஒல்லாந்தர் 1665 இல் திருப்பிக் கட்டியவை. 1782 இல் பிரெஞ்சுக்காரரும் சிறிது காலம் பிடித்து வைத்திருந்தனர். 1795 இல் கைப்பற்றிய ஆங்கிலேயர் 1803 இல் யோர்க் கோமகன் பிரட்றிக்கின் பெயரைச் சூட்டினர். இத்தனை பேரும் அடிபட்டது, எந்தப் பருவக்காற்றிலும் கப்பல்கள் ஒதுங்கி நிற்கக்கூடிய ஆழமான இயற்கைத் துறைமுகத்துக்காகவே. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் இங்கு குண்டு வீசியதும் அதன் பொருட்டே. நிலாவெளி வீதியில், உப்புவெளியில் உள்ள போர்க் கல்லறை உங்கள் வழியிலேயே வருகிறது, மகளுக்குக் காட்டுங்கள். இப்போதுள்ள கோவிலுக்கு 1963 இல்தான் குடமுழுக்கு நடந்தது என்பதையும், 1950 இல் மண்ணுக்குள்ளிருந்து பழைய விக்கிரகங்கள் கிடைத்ததையும் அவளிடம் சொல்லுங்கள்.

மறுமொழி 3:
மறுநாளை அம்மாவுக்குக் கொடுங்கள். கன்னியா வெந்நீர் ஊற்றின் ஏழு கிணறுகளும் ஒரே சூட்டில் இருப்பதில்லை. இராவணன் தன் தாய்க்கு இறுதிக்கடன் செய்த இடம் என்ற ஐதிகத்தால் பலர் அங்கு பிதிர்க்கடன் செய்ய வருவார்கள். ஓகஸ்டில் கடல் அமைதியாக இருக்கும் என்பதால், நிலாவெளியிலிருந்து படகில் புறாத்தீவுக்கும் போகலாம். 2003 முதல் அது தேசிய பூங்கா. முருகைக்கற்களை மிதிக்க வேண்டாம்.

கேட்டவர்:
நன்றி. முதல் நாள் காலை கோட்டை வாசல் என்று முடிவு செய்துவிட்டோம். கல்வெட்டை எழுத்துக் கூட்டி வாசிக்கும் பொறுப்பை மகள் ஏற்றுக்கொண்டாள்.