எண்ணி முடித்த வாக்குச்சீட்டுகளை எவ்வளவு காலம், யார் காவலில் வைப்பது?

ஒட்டுசுட்டான் முகவர்:
2020 ஓகஸ்ட் 5 அன்று இலங்கை நாடாளுமன்றத் தேர்தல் வாக்களிப்பு முடிந்ததும், பெட்டியின் வாயில் ஒட்டிய தாளில் கட்சி முகவர்களாகிய நாங்களும் ஒப்பமிட்டோம். முத்திரை இலக்கத்தை நான் பாடசாலைக் கொப்பி ஒன்றின் பின்மட்டையில் குறித்துக்கொண்டேன். எண்ணும் பணி மறுநாட்காலையிலேயே தொடங்கியதால் அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. ஆனால் எண்ணிக் கட்டிய சீட்டுகளைப் பற்றிப் பின்னர் எவரும் கேட்பதில்லை. பிணக்கு எழுந்தால் அவைதானே சாட்சி? தேர்தல் மனுக்கள் தீரும்வரை எல்லாக் கட்சிகளின் முத்திரையுடனும் அவற்றைப் பூட்டிவைக்க வேண்டும்.

குருமன்காட்டு ஆசிரியை:
உடன்பட முடியவில்லை, ஐயா. சில நூறு பேரே வாக்களிக்கும் சிற்றூர்களில், தம் சீட்டை யாரேனும் தேடிப் பார்த்துவிடுவார்களோ என்ற அச்சம் இன்னும் இருக்கிறது. மேலும், வன்னிக்கு நேர்ந்த பெரிய அநீதி பெட்டிக்குள் நடந்ததன்று. 2001 டிசம்பர் 5 நாடாளுமன்றத் தேர்தலன்று சோதனைச் சாவடிகள் மூடப்பட்டதால், அரசின் கட்டுப்பாட்டில் இல்லாத, புலிகள் வசமிருந்த பகுதி மக்கள் வாக்களிக்கவே வர முடியவில்லை. அவர்களின் உரிமை மீறப்பட்டதென உயர் நீதிமன்றம் 2003 இல் தீர்ப்பளித்தது. போடப்படாத வாக்கை எந்தப் பூட்டு காக்கும்?

ஒட்டுசுட்டான் முகவர்:
அந்த நாளை நானும் மறக்கவில்லை, ரீச்சர். ஆனால் 1981 யூன் 4 அன்று யாழ்ப்பாண மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலில் வாக்குப்பெட்டிகளே காணாமற்போயின. அப்போது கிளிநொச்சியும் அம்மாவட்டத்துக்குள்தான் இருந்தது. போடப்பட்ட வாக்கும் இங்கே தொலைந்திருக்கிறது.

மடு வீதி வாசி:
இந்தியாவின் சண்டிகரில் 2024 சனவரியில் நடந்த மேயர் தேர்தலை இருவரும் கவனிக்க வேண்டும். தலைமை அலுவலர் எட்டு வாக்குச்சீட்டுகளைச் செல்லாதவை என ஒதுக்கியதால் 16க்கு 12 என முடிவு அறிவிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் சீட்டுகளையும் காணொளியையும் பாதுகாக்கக் கட்டளையிட்டு, பின்னர் அச்சீட்டுகளைத் தானே பார்வையிட்டது. அவற்றில் கோடு கிறுக்கியவர் அந்த அலுவலரே என்று கண்டு, பெப்ரவரி 20 அன்று தோற்றதாகச் சொல்லப்பட்டவரையே மேயராக அறிவித்தது. அதற்குள் சீட்டுகளை எரித்திருந்தால் வழக்கில் என்ன மிஞ்சியிருக்கும்?

குருமன்காட்டு ஆசிரியை:
அங்கே காத்தது நீதிமன்றக் கட்டளை. கச்சேரி (மாவட்டச் செயலகம்) அறையின் பூட்டன்று. அந்த வேறுபாடே என் கவலை. இங்கே நாடாளுமன்றத் தேர்தல் மனுவுக்கு, வர்த்தமானியில் முடிவு வெளியானதிலிருந்து 21 நாட்களே உண்டு. மனு வந்தால் நீதிமன்றப் பொறுப்பில் வைக்கட்டும். வராவிட்டால் எல்லோர் முன்னிலையிலும் அழித்துவிடட்டும்.

ஒட்டுசுட்டான் முகவர்:
நீதிமன்றப் பொறுப்பு என்பதை மனமார ஏற்கிறேன். ஆயினும் அந்த 21 நாட்களும் அவை யார் கையில் இருக்கும் என்பதற்கு நீங்கள் இன்னும் விடை சொல்லவில்லை. அதுவரையாவது எங்கள் முத்திரையும் அக்கட்டுகளின்மேல் இருக்க வேண்டும்.