திருடன் கேமராவில் இருக்கிறான், வந்து பார்க்கத்தான் யாரும் இல்லை

வாசல்விளக்கு:

வணக்கம். போன வாரம் புதன்கிழமை பகலில் எங்கள் வீட்டில் திருடு போய்விட்டது. நான் வேலைக்கும் மகள் பள்ளிக்கும் போயிருந்த நேரம். பின்கதவுத் தாழ்ப்பாளை நெம்பித் திறந்திருக்கிறான். மடிக்கணினி, மகளின் டேப்லெட், இறந்துபோன என் அம்மாவின் இரண்டு வளையல்கள் எல்லாம் போய்விட்டன. முதல் இரண்டும் போனால் போகட்டும்.

வீட்டைச் சுற்றி நான்கு கேமராக்கள் இருக்கின்றன. அவன் பின்பக்கம் வந்தது 2:46-க்கு, முன்வாசல் வழியாக வெளியேறியது 2:57-க்கு. சாம்பல் நிறத் தொப்பி, தோளில் ஒரு பை. இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறான். வெளியே வரும்போது வாசற்படியில் கிடந்த மகளின் ஷூ காலில் தட்டுகிறது. குனிந்து அதைக் கையால் எடுத்து ஓரமாக வைக்கிறான். நிமிரும்போது ஒரு நொடி முகம் தெரிகிறது. அந்த ஒரு நொடியை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

அன்று மாலையே காவல் நிலையத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கதவைப் பார்த்தார்கள், பட்டியல் எழுதினார்கள், புகார் எண் கொடுத்தார்கள். ஒருவர் டிவி திரையைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டார். "கைரேகை எடுக்க ஆள் வருவார்கள்" என்றார்கள். வெள்ளிக்கிழமை வரை பின்கதவைத் தொடாமல் வைத்திருந்தேன். யாரும் வரவில்லை. பதிவை பென் டிரைவில் கேட்டார்கள், சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். மேசைக்காரர் வாங்கி இழுப்பறையில் போட்டார். தெருமுனை வீட்டிலும் கேமரா இருக்கிறது. அங்கே மட்டும் ஒருவர் போய் 2:57-ஐ ஒட்டிப் பார்த்திருக்கிறார். யாரும் இல்லையாம். "அந்தப் பக்கம் போகவில்லை போல" என்று முடித்துவிட்டார்கள்.

இன்று எட்டாவது நாள். போன் செய்தால் "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்கிறார்கள். அந்த பென் டிரைவைத் திறந்தார்களா என்று கேட்டால் பதில் இல்லை. முகத்தை எல்லாக் குழுக்களிலும் போடச் சொல்கிறார் என் மைத்துனர். போடலாமா? அடுத்து நான் என்ன செய்ய வேண்டும்?

நாலாவதுமாடி:

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. எனக்கும் இதே கதைதான் நடந்தது. பதிவைக் கேட்டு அவர்கள் வந்தது பன்னிரண்டாம் நாள். அதற்குள் கேமராப் பதிவுகளைச் சேமிக்கும் பெட்டி தானாகவே பழையதை அழித்து மேலே புதியதை எழுதிவிட்டது. நான் எடுத்து வைத்திருந்தது போனில் பிடித்த இருபது நொடி மட்டும். மற்றதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் உங்கள் பெட்டியில் எத்தனை நாள் நிற்கிறது என்று பாருங்கள்.

கேமராவேலைக்காரன்:

அக்கா, மேலே சொன்னதுதான் முதல் வேலை. கணக்கு சொல்கிறேன். 1080பி கேமரா ஒன்று நொடிக்கு 4 மெகாபிட் வீதம் நாள் முழுக்கப் பதிந்தால் ஒரு நாளைக்கு 43 ஜிபி. நான்கு கேமராவுக்கு 173 ஜிபி. 2 டிபி ஹார்ட் டிஸ்க் என்றால் பதினொன்றரை நாள்தான் தாங்கும். உங்களிடம் இருப்பது 2 டிபி என்றால், திருட்டு நடந்த புதன்கிழமை இன்னும் மூன்று நாளில் அழிந்துவிடும். அதற்கு முந்தின நாட்கள் இப்போதே ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. அவன் வேவு பார்க்க வந்திருந்தால் அது அந்த நாட்களில்தான் இருக்கும். அந்தப் பதினொரு நிமிடம் மட்டும் போதாது, இருக்கும் எல்லா நாளையும் இன்று இரவே எடுங்கள். ஒரே மூச்சில் முடியாவிட்டால் பெட்டியை அணைத்துவிட்டு வேறு ஹார்ட் டிஸ்க் போட்டு ஓட்டுங்கள். பழையதைக் கழற்றி பத்திரமாக வையுங்கள். புது டிஸ்க்கை ஃபார்மேட் செய்யச் சொல்லிப் பெட்டி கேட்கும்போது பழையது உள்ளே இருக்கக் கூடாது, அதில் கவனம்.

பதிவைப் பெட்டியின் சொந்தக் கோப்பு வடிவத்திலேயே வெளியே எடுங்கள், அதை ஓட்டும் மென்பொருளும் பெரும்பாலும் கூடவே வரும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், முகத்தில் மிச்சமிருக்கும் கொஞ்ச விவரமும் போய்விடும். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் ஆவணமாக அனுப்புங்கள். எடுத்த கோப்புக்கு ஷா-256 மதிப்பு (கோப்பின் கைரேகை மாதிரி, உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் இது மாறிவிடும்) கணக்கிட்டு அந்த 64 எழுத்தையும் குறித்து வையுங்கள். யாரும் கைவைக்கவில்லை என்று பிறகு காட்ட அது உதவும்.

இன்னொன்று கேட்க வேண்டும். உங்கள் பெட்டியின் கடிகாரம் சரியா? இணையத்தோடு இணைக்காத பெட்டிகளில் நான் பார்த்த வரை முக்கால்வாசி தப்பாகத்தான் ஓடுகிறது. போன் கடிகாரத்தை கேமரா முன்னால் ஒரு நிமிடம் பிடியுங்கள். அந்தப் பதிவில் இரண்டு நேரமும் சேர்ந்து தெரியும். வித்தியாசம் இருந்தால் உடனே திருத்தாதீர்கள், முதலில் அந்தப் பதிவை எடுத்து வையுங்கள்.

முகம் பற்றி அதிகம் நம்ப வேண்டாம் அக்கா. முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்று கண்காணிப்புக் கேமராக்களுக்கான சர்வதேசத் தரநிலை ஐஇசி 62676-4-இன் 2014 பதிப்பு சொல்கிறது. வீடுகளில் பொதுவாகப் போடும் அகலக் கோண 2.8 மிமீ லென்ஸில் அது மூன்று நான்கு மீட்டர் தூரம் வரைதான் கிடைக்கும். உங்கள் வாசற்படி அதற்குள் இருந்தால் அந்த ஒரு நொடி தேறும்.

ஓய்வுபெற்றகாவலர்:

அம்மா, நான் முப்பது வருடம் நிலையத்தில் இருந்தவன். உங்கள் கோபம் நியாயம். பதிவைப் பார்க்க ஆள் இல்லாததால் அது இழுப்பறையில் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். இது எல்லா ஊரிலும் உள்ள நோய். அமெரிக்காவில் எஃப்பிஐ கணக்கின்படி 2019-இல் புகுந்து திருடிய வழக்குகளில் 14.1 சதவீதம்தான் துலங்கின. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டுத் திருட்டு ஒவ்வொன்றுக்கும் நேரில் போவோம் என்று காவல் தலைவர்கள் 2022 அக்டோபரில் அறிவிக்க வேண்டியிருந்தது.

பென் டிரைவைத் திறக்க வைக்க ஒரு வழி உண்டு. ஒரே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். புகார் எண், எந்த கேமரா, எந்த நேரம் (கடிகார வித்தியாசத்தோடு), அந்த நேரத்தில் என்ன தெரிகிறது. முகம் தெரியும் நொடியை அச்சடித்து ஒட்டுங்கள். கை நிறைய வழக்கு வைத்திருப்பவர் பதினொரு நிமிடம் உட்கார்ந்து பார்க்க மாட்டார், ஒரு தாளைப் படிப்பார். கூடுதல் வாக்குமூலமாகக் கொடுத்து, நகலில் தேதியோடு கையொப்பம் வாங்குங்கள். வாங்க மறுத்தால் மேலதிகாரிக்கு அதே தாளைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். டேப்லெட், மடிக்கணினிப் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் வரிசை எண்களையும் அதில் சேருங்கள். மீட்ட பொருள் யாருடையது என்று நிரூபிக்க அதுதான் வழி.

முகத்தைக் குழுக்களில் போடாதீர்கள். அதே போல இருக்கும் வேறு ஒருவன் அடி வாங்குவான். பிடிபட்டவனை நாளைக்கு யாராவது அடையாளம் காட்டினால், "படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்" என்று வக்கீல் கேட்பார்.

ஒன்று கேட்கிறேன். அவன் கையுறை போட்டிருந்தானா? அந்த ஷூ இப்போது எங்கே?

வாசல்விளக்கு:

ஐயா, கையுறை இல்லை. ஷூவைப் பற்றிக் கேட்டதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. மறுநாள் மகள் அதைப் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்குப் போனாள், நான்தான் துடைத்துக் கொடுத்தேன். அவன் கை பட்ட இடத்தைக் கேமரா அவ்வளவு தெளிவாகக் காட்டியும் எனக்கும் தோன்றவில்லை, வந்தவர்களும் கேட்கவில்லை.

ஓய்வுபெற்றகாவலர்:

அதற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள் அம்மா. அது வந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை. நெம்பிய தாழ்ப்பாள் இருந்தால் கையுறையோடு கழற்றிக் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் கோக்கும். கூடுதல் வாக்குமூலத்தில் அதையும் எழுதுங்கள்.

வாசல்விளக்கு:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் கழித்து இப்போதுதான் எழுத முடிந்தது.

தம்பி கேட்டது சரி. பெட்டியின் கடிகாரம் 19 நிமிடம் முந்தி ஓடுகிறது. அவன் எங்கள் வீட்டை விட்டு வெளியேறிய உண்மையான நேரம் 2:38. தெருமுனை வீட்டில் தவறான நேரத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். நேற்று நானே போய்க் கேட்டேன். அந்தப் பெரியவர் மறுப்புச் சொல்லாமல் உட்கார்ந்து தேடினார். 2:39-க்கு அவன் வருகிறான், அதே இடது கால். சுவரோரம் நின்ற ஸ்கூட்டரை எடுக்கிறான். பலகையில் கடைசி இரண்டு எண்கள் மட்டும் படிக்க முடிகிறது. பெரியவர் அதை எனக்கும் தன் மகனுக்கும் தனித்தனியாகப் பிரதி எடுத்துக் கொடுத்தார்.

எங்கள் பெட்டியிலும் இரவெல்லாம் தேடினேன். திருட்டுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அழிந்துபோய்விட்டது, திங்கட்கிழமை இருந்தது. காலை பத்து மணிக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் ஒருவன் அதே போல் காலை இழுத்துப் போகிறான். தொப்பி இல்லை. ஆனால் தூரம் பத்துப் பன்னிரண்டு மீட்டர் இருக்கும், முகம் வெறும் கறையாகத்தான் தெரிகிறது. அவன்தான் என்று எனக்கு உறுதி. இருந்தாலும் தாளில் "அதே நடை போலத் தெரிகிறது" என்று மட்டும் எழுதினேன்.

இன்று காலை அந்தத் தாளைக் கொடுத்தேன். மேசைக்காரர் முதலில் கையொப்பம் போடத் தயங்கினார். நான் நின்றுகொண்டே இருந்தேன். அப்புறம் உள்ளேயிருந்து விசாரணை அதிகாரி வந்து தாளை நின்றபடியே படித்தார், "இந்த 19 நிமிடம் யார் கண்டுபிடித்தது?" என்று கேட்டார். ஸ்கூட்டர் எண்ணுக்கு ஒரு கோரிக்கை அனுப்புவதாகச் சொல்லி நகலில் கையொப்பமும் தேதியும் போட்டுக் கொடுத்தார். பென் டிரைவ் இன்னும் அந்த இழுப்பறையிலேதான் இருந்தது, நான் கேட்டு எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

பழைய தாழ்ப்பாள் காகித உறையில் அலமாரியில் இருக்கிறது. திங்கட்கிழமை ஆள் அனுப்புகிறேன் என்றிருக்கிறார். வராவிட்டால் செவ்வாய் காலை அதையும் எடுத்துக்கொண்டு போவேன்.