படுக்கையறை முழுக்க ஊதா கலந்த கருநீலம்: எத்தனை கோட், எந்த லைட், எந்த ஃபினிஷ்?

மேற்குஜன்னல்:
கோவையில் மூன்றாவது மாடி ஃப்ளாட். படுக்கையறை 12க்கு 11 அடி, உயரம் 10. ஜன்னல் ஒன்றுதான், மேற்குச் சுவரில். இப்போது நான்கு சுவரும் ஐவரி எமல்ஷன். தேக்குக் கதவு, தரையில் லேசாக மஞ்சள் ஓடும் வெள்ளை விட்ரிஃபைட் டைல்ஸ், வடக்குச் சுவரில் 7 அடி அகலத்துக்குத் தரை முதல் கூரை வரை கப்போர்டு. காயாம்பூவை ஒரு படி இருட்டாக்கின மாதிரி ஒரு நிறத்தை ஷேட் கார்டில் பிடித்து வைத்திருக்கிறோம்.

பெயிண்டர் அண்ணன், "வீட்ல ஒயிட் எமல்ஷன் மிச்சம் இருக்குல்ல, அதுலயே ஸ்டெய்னர் ஊத்திக் கலந்துக்கலாம், ரெண்டு கோட் போதும்" என்கிறார். நம்பலாமா? கட்டில் பக்கச் சுவர் மட்டும் போதுமா, நான்கும் அடிக்கலாமா? கிழக்குச் சுவருக்குப் பின்னால் பாத்ரூம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பட்டிப்பலகை:
ஒயிட்டில் ஸ்டெய்னர், அதாவது நிறம் ஏற்றும் திரவம், ஊற்றி இந்த நிறம் வரவே வராது. வெள்ளை எமல்ஷனில் டைட்டானியம் டை ஆக்ஸைடு என்ற வெள்ளை நிறமி நிறைய இருக்கும். எவ்வளவு நீலமும் வயலட்டும் ஊற்றினாலும் லாவெண்டர் பக்கம்தான் போய் நிற்கும். அளவுக்கு மேல் ஊற்றினால் படலம் காயாமல் பிசுபிசுக்கும், கை பட்டால் நிறம் ஒட்டும். கடையில் அந்த ஷேட் நம்பரைச் சொல்லி, டின்டிங் மெஷினில் டீப் பேஸில்தான் கலக்கச் சொல்ல வேண்டும்.

அந்தப் பேஸில் வெள்ளை நிறமி இல்லவே இல்லை அல்லது மிகக் குறைவு. நிறம் ஆழமாக வருவதும் அதனால்தான், அடியில் இருப்பதை மறைக்கத் திணறுவதும் அதனால்தான். ஐவரி மேல் நேராக அடித்தால் மூன்றாவது கோட்டிலும் ரோலர் போன தடம் திட்டுத்திட்டாகத் தெரியும். ஆகவே அடியில் ஒரு கோட் சாம்பல் நிற பிரைமர், அதன் மேல் மூன்று கோட் நிறம் வேண்டும். வாட்டர் பேஸ் பிரைமரில் கறுப்பு ஸ்டெய்னரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, மழைமேகச் சாம்பல் வந்ததும் நிறுத்துங்கள். பிரைமரை வெள்ளையாகவே விட்டுவிட்டு அதைச் சரிக்கட்ட நாலாவது கோட் அடிப்பது காசைக் கரைப்பது. டீப் ஷேட் லிட்டருக்கு விலை கூடுதல்.

அளவு: சுற்றளவு 46 அடி, உயரம் 10, மொத்தம் 460 சதுர அடி. கப்போர்டுக்கு 70, கதவு ஜன்னலுக்கு ஒரு 40 கழித்தால் 350. மூன்று கோட்டுக்கு 1,050. ஒரு கோட்டுக்கு லிட்டருக்கு 110–120 சதுர அடி என்று வையுங்கள், 9 லிட்டரைச் சுற்றி வரும். டின்டிங் பேஸ் டப்பாக்கள் பெரும்பாலும் 900 மில்லி, 3.6 லிட்டர், 9 லிட்டர் என்று குறைத்தே வரும், ஸ்டெய்னர் சேர இடம் வேண்டுமே. ஒரு 9 லிட்டரும் ஒரு 900 மில்லியும் வாங்கி, பெரிய வாளியில் ஒன்றாகக் கொட்டிக் கலந்துவிட்டுத் தொடங்குங்கள். தனித்தனி டப்பா என்றால் சுவரின் நடுவில் டப்பா மாறும் இடம் தெரியும். மூடியில் ஒட்டியிருக்கும் ஃபார்முலா ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

தண்ணீர் விஷயத்தில்தான் பெயிண்டரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். டப்பாவில் போட்டிருக்கும் விகிதத்துக்கு மேல் ஒரு மக் தண்ணீர் கூட வேண்டாம். வெளிர் நிறத்தில் மறைந்துபோகும் தவறு இதில் மறையாது.

லக்ஸ்மீட்டர்:
பெயிண்ட் வாங்கும் முன் லைட்டை முடிவு செய்யுங்கள். இந்த நிறம் நீலத்தையும் கொஞ்சம் சிவப்பையும் திருப்பி அனுப்பும். 6500 கெல்வின் வெள்ளை டியூப்லைட்டில் சிவப்பு குறைவு, அதனால் ஊதா காணாமல் போய்ப் பள்ளிச் சீருடை நீலமாகத் தெரியும். 2700 வார்ம் பல்பில் நீலம் போதாது, சுவர் கத்தரிக்காய்ப் பக்கம் சாயும். பொது வெளிச்சம் 4000, கட்டில் பக்கம் 3000 என்று பிரித்துப் போடுவது நல்லது. சி.ஆர்.ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேல் உள்ளதாகப் பாருங்கள்.

இருண்ட சுவர் வெளிச்சத்தைத் திருப்பித் தராது, விழுங்கிவிடும். ஐவரி அறைக்குப் போதுமான ஒரு 20 வாட் எல்.இ.டி டியூப், சுமார் 2000 லூமன், இங்கே மங்கலாகத்தான் இருக்கும். ஒரே டியூபை வாட் கூட்டிப் போடாமல் மூன்று நான்கு இடங்களில் பரப்புங்கள்.

மேற்கு ஜன்னல் என்பதால் இன்னொன்று. மாலை 4 மணிக்கு மேல் நேர் வெயில் விழும் இடம் பழுப்பு கலந்த சாம்பலாகத் தெரியும். சூரியன் இறங்கியதும் அதே சுவர் அன்றைய நாளிலேயே நீலமாக மாறும். இரண்டுமே உங்களுக்குப் பிடிக்க வேண்டும். 2க்கு 2 அடி ஹார்ட்போர்டில் பிரைமரும் இரண்டு கோட்டும் அடித்து, நான்கு சுவரிலும் சாய்த்து வைத்துக் காலை, மாலை, இரவு பாருங்கள். ஐவரிச் சுவரிலேயே ஒரு திட்டு அடித்துப் பார்ப்பது ஏமாற்றும், சுற்றியிருக்கும் ஐவரியால் உண்மையைவிடக் கறுப்பாகத் தெரியும்.

ஈரச்சுவர்:
கிழக்குச் சுவரைச் சோதிக்காமல் எதையும் தொடாதீர்கள். 2 அடிச் சதுரத்தில் பாலித்தீன் ஷீட்டை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். உள்பக்கம் வியர்த்தாலோ சுவர் கறுத்தாலோ ஈரம் இருக்கிறது. பாத்ரூம் டைல்ஸ் இடுக்கை எபாக்ஸி கிரவுட் போட்டு அடைத்து, பைப் கசிவைப் பார்த்து, சுவர் காய்ந்த பிறகுதான் பட்டி. ஐவரியில் கண்ணுக்கே தெரியாத உப்புப் பூப்பு கருநீலத்தில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி தெரியும். புதிதாகப் பூசின சிமென்ட் பேட்ச் இருந்தால் குறைந்தது 28 நாள் ஆறவிடுங்கள்.

ரோலர்9இஞ்ச்:
ஃபினிஷ்: மேட், அதாவது பளபளப்பே இல்லாதது, வேண்டாம் என்பது என் கட்சி. இருண்ட மேட்டில் தலை உரசும் இடம், நாற்காலி முதுகு படும் இடம் எல்லாம் பளபளவென்று தேய்ந்து நிற்கும், துடைத்தால் இன்னும் கூடும். லேசான ஷீன் (பளபளப்பு) போதும்.

பட்டிப்பலகை:
@ரோலர்9இஞ்ச் சார், இந்த அறைக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜன்னல் மேற்கே இருப்பதால் மாலை வெயில் வடக்கு, தெற்குச் சுவர்களை உரசிக்கொண்டு போகும். ஷீன் இருந்தால் பட்டிப்பலகை நின்ற ஒவ்வொரு இடமும் தெரியும். தேய்ப்பைத் தாங்கும் நல்ல ரக வாஷபிள் மேட்தான் சரி. எதுவானாலும் பட்டி காய்ந்து 180 எமரியில் தேய்த்ததும், இருட்டிய பிறகு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். மேடு பள்ளத்தைப் பென்சிலில் வட்டம் போட்டுத் திரும்பப் பட்டி இழுங்கள். பிரைமருக்குப் பிறகு 320இல் லேசாக ஒரு தேய்ப்பு.

ரோலர்9இஞ்ச்:
உரசும் வெயில் விஷயம் சரிதான், மேட்டுக்கே வருகிறேன். ஆனால் கட்டில் தலைமாட்டுக்கு ஹெட்போர்டு கட்டாயம்.

அடிக்கும் முறை: 9 இஞ்ச் மைக்ரோஃபைபர் ரோலர். ஃபேனை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் ஓரம் நிமிஷத்தில் காய்ந்து, அடுத்த இழுப்பு ஏறும் இடத்தில் பட்டை விழும். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பிரஷ்ஷில் ஓரங்களை அடித்துக்கொண்டே போக, மற்றவர் அது காயும் முன் பின்னாலேயே ரோலர். ஒரு சுவரைத் தொட்டால் முடிக்காமல் டீ குடிக்கப் போகக் கூடாது. கோட்டுக்கு இடையில் குறைந்தது 4 மணி நேரம்.

கூரை ஓரம் நம் வீடுகளில் நேராக இருக்காது. நூல் அடித்து, டேப் ஒட்டி, டேப்பின் விளிம்பில் முதலில் கூரையின் வெள்ளையையே ஒரு இழுப்பு இழுங்கள். இடுக்கில் புகுவது வெள்ளையாக இருக்கும், கருநீலம் கசியாது. கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரித்துவிட வேண்டும்.

மேற்குஜன்னல்:
நன்றி. ஒரு சுவரா நான்குமா என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே? டைல்ஸ் இன்னும் மஞ்சளாகத் தெரியுமோ என்று வீட்டில் பயம்.

லக்ஸ்மீட்டர்:
பயம் நியாயமானது, தெரியும். ஊதாவுக்கு நேர் எதிர் நிறம் மஞ்சள், பக்கத்தில் வைத்தால் இரண்டும் தூக்கும். கட்டிலுக்கடியில் ஆரம்பித்து மூன்று பக்கமும் 2 அடி வெளியே வரும் சாம்பல் அல்லது செங்காவிக் கம்பளம் போட்டால் பாதி பிரச்சினை தீரும். தேக்கைத் தொடாதீர்கள், இந்த நிறத்துக்கு அதைவிட நல்ல ஜோடி கிடையாது. கூரைக்குப் பளீர் வெள்ளையும் வேண்டாம், ஐவரியும் வேண்டாம். சாம்பல் ஓடும் வெள்ளை.

ஒரே சுவர் அடித்தால் கரும்பலகை மாட்டின மாதிரி இருக்கும். அந்த இருட்டான அமைதி வேண்டுமென்றால் நான்கும்தான். கப்போர்டு ஷட்டரை அதே நிறத்துக்கு மாற்ற முடியாவிட்டால் அப்படியே விடுங்கள், கைப்பிடியை மட்டும் பித்தளையாக்குங்கள்.

ஈரச்சுவர்:
வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடித்துவிடுங்கள். ஸ்டெய்னர் அதிகமுள்ள பெயிண்ட் ஈரக்காற்றில் காய்ந்தால் சுவரில் சோப்புத் தண்ணீர் வழிந்த மாதிரி கோடு இறங்கும். பயப்பட வேண்டாம், வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றினால் போகும். முதல் மூன்று நான்கு வாரம் வேறு எதைக் கொண்டும் துடைக்காதீர்கள்.