லிக்னினை (மர இழைகளை ஒட்டிப் பிடிக்கும் பொருள்) நீக்காமல் தாள் மஞ்சளாவதைத் தடுக்க முடியுமா?

கேள்வி: ஸ்ப்ரூஸ் மரத்தின் இயந்திரக் கூழை (மரத்தை அரைத்துச் செய்த கூழ்) ஹைட்ரஜன் பெராக்சைடால் வெளுத்துத் தாள் செய்தேன். பால்போல் வந்தது. ஜன்னலோரம் பத்து நாள் வைத்ததில் வைக்கோல் நிறமாகிவிட்டது. காசு மூடியிருந்த இடம் மட்டும் வெள்ளை வட்டமாக நிற்கிறது. மனம் ஆறவில்லை.

பதில் 1: அந்த வட்டமே சாட்சி. பெராக்சைடு நிறத்தைத்தான் போக்கும், லிக்னின் அப்படியே இருக்கும். புறஊதா ஒளி பட்டால் லிக்னினில் உள்ள ஃபீனால் என்ற வேதித் தொகுதிகள் நிறமுள்ள குயினோன்களாகின்றன. மஞ்சள் அங்கிருந்து வருகிறது.

பதில் 2: அசிட்டிக் அன்ஹைட்ரைடால் அந்த ஃபீனால் முனைகளை மூடுங்கள். நான் செய்தபோது அறை முழுக்கக் காடி நெடி, ஆனால் தாள் வெளுப்பாகவே நின்றது. அளவோடு செய்யுங்கள், இழையின் முதன்மைப் பொருளான செல்லுலோஸின் ஹைட்ராக்சில்களும் (இழைகளைப் பிணைக்க உதவும் OH தொகுதிகள்) மூடப்பட்டால் இழைப் பிணைப்பு தளர்ந்துவிடும்.

கேட்டவர்: சோடியம் போரோஹைட்ரைடு மட்டும் போதாதா?

பதில் 2: போதாது. அது லிக்னினின் கார்போனைல்களை (C=O தொகுதிகள்) ஆல்கஹால்களாக மாற்றும், அவ்வளவுதான். ஃபீனால்கள் திறந்தே கிடக்கும்.