டிசைன் பாதியில் நிற்கிறது, ரிலீஸ் தேதி நெருங்குகிறது: எதைத் தள்ளிப்போடுவது?

நூல்கண்டு:
வணக்கம் நண்பர்களே. லினக்ஸ் டெஸ்க்டாப்புக்கான ஒரு திறமூலக் குறிப்பேட்டுச் செயலிக்கு டிசைன் செய்கிறேன். புது ஐகான்கள் தயார், பக்கப்பட்டியை மாற்றும் வேலைதான் இன்னும் முடியவில்லை. ஒத்திசைவில் இருந்த பெரிய பக் ஒன்று சரியாகிவிட்டதால் மாதக் கடைசிக்குள் ரிலீஸ் விட்டே ஆகவேண்டும் என்கிறார்கள் கோட் எழுதுபவர்கள். எனக்கோ பழைய பக்கப்பட்டியில் புது ஐகான்களைப் பார்த்தால் ஒட்டவே இல்லை. பெரிய திட்டங்களில் இதையெல்லாம் எப்படி முடிவு செய்கிறார்கள்?

கல்தச்சன்:
தேதியில் கை வைக்காதீர்கள். பக் சரியானதை எதிர்பார்த்துக் காத்திருப்பவர்களை ஐகானுக்காக நிறுத்திவைப்பது நியாயமே இல்லை. உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 18.04 பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்காகச் சமூகத்தினர் கூடி ஒரு புது தீம் செய்துகொண்டிருந்தார்கள், ஏப்ரல் 2018 வந்தபோது அது பக்குவப்படவில்லை, அதுவோ பல ஆண்டுகள் ஆதரவு தரவேண்டிய எல்டிஎஸ் பதிப்பு. பழைய ஆம்பியன்ஸ் தீமோடே வெளியிட்டுவிட்டு, விரும்பியவர்கள் நிறுவிக்கொள்ளட்டும் என்று புதியதை ஸ்னாப்பாக, அதாவது தனியாக நிறுவக்கூடிய தொகுப்பாகக் கொடுத்தார்கள். அக்டோபரில் 18.10-இல் அதே தீம் 'யாரு' (Yaru) என்ற பெயரில் எல்லோருக்கும் வந்தது.

மின்மினி:
கல்தச்சன் சொல்வது சரி, ஆனால் எல்லா நேரத்துக்கும் பொருந்தாது. லினக்ஸ் டெஸ்க்டாப் சூழலான க்னோமின் 3-ஆம் பதிப்பு பலமுறை தள்ளிப்போய் ஏப்ரல் 2011-இல்தான் வந்தது, அடித்தளத்தையே மாற்றும்போது அது தேவைதான். இன்னொரு டெஸ்க்டாப் சூழலான கேடிஇ-யின் 4.0 ஜனவரி 2008-இல் அவசரமாக வெளியாகி எவ்வளவு திட்டு வாங்கியது! உங்களுடையது அப்படிப்பட்ட வேலை இல்லை என்பதால், லிப்ரெஆபிஸ் என்ற அலுவலகச் செயலித் தொகுப்பின் வழி பொருந்தும் என்று நினைக்கிறேன். அதன் நோட்புக்பார் என்ற புதுவகைக் கருவிப்பட்டி 5.3 பதிப்பில் சோதனை வசதியாகத்தான் நுழைந்தது. டேப் வைத்த வடிவம் 6.2-இல், அதாவது 2019-இல்தான் அந்த நிலையைத் தாண்டியது, அப்போதும் பழைய கருவிப்பட்டிகளே இயல்பாக இருந்தன. நீங்களும் புதிய பக்கப்பட்டியை அமைப்புகளில் ஒரு தேர்வாக வைத்துவிடுங்கள்.

ஏட்டுச்சுவடி:
மொழிபெயர்க்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன், தயவுசெய்து கடைசி வாரத்தில் பொத்தான் பெயர்களை மாற்றாதீர்கள். க்னோமில் மார்ச், செப்டம்பர் பதிப்புகளுக்குச் சில வாரங்கள் முன்பே தோற்றத்தையும் உரைகளையும் உறையவைத்துவிடுவார்கள், அதற்கப்புறம் ஒரு உரையை மாற்றக்கூட மொழிபெயர்ப்புக் குழுவின் சம்மதம் வேண்டும். உறைநிலை இல்லாவிட்டால் என்ன ஆகும்? நான் பார்க்கும் ஒரு செயலியில் கடைசி நேரத்தில் வரி உயரத்தைக் குறைத்தார்கள், ஆங்கிலத்தில் எந்தக் குறையும் தெரியவில்லை, தமிழில் 'கு', 'து' எல்லாம் அடிப்பகுதி வெட்டுப்பட்டு நின்றன. பொத்தானில் 'விருப்பத்தேர்வுகள்' பாதியோடு முடிந்துவிட்டது. சரிசெய்ய அவகாசமே இல்லாமல் அப்படியே வெளியாகிவிட்டது.

நூல்கண்டு:
மூவருக்கும் நன்றி. பக் திருத்தம் மட்டும் பழைய தோற்றத்தோடு இந்த மாதம் போகட்டும், ஐகானையும் பக்கப்பட்டியையும் கோடின் ஒரே தனிக் கிளையில் (branch) சேர்த்து அடுத்த பதிப்பில் தேர்வாகக் கொடுக்கலாம் என்று குழுவில் எழுதிவிட்டேன். ஏட்டுச்சுவடி அண்ணா, உறையவைக்கும் தேதியை ரிலீஸுக்கு எத்தனை வாரம் முன்பு வைத்தால் உங்களுக்கு வசதியாக இருக்கும்?

ஏட்டுச்சுவடி:
சின்னச் செயலிக்கு மூன்று வாரம் போதும். தமிழ்த் திரைப்பிடிப்பு ஒன்றை அப்போதே எனக்கு அனுப்பிவிடுங்கள், வெட்டுப்படுகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.